சுழிக்கு முன்னால் ஒரு கோடு

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், இதில். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முகம் தெரியாமல் நான் யாரோடும் பேசுவதில்லை. எழுபத்துமூன்று வயதுக் கண் ஒரு காரணம். பழக்கம் இன்னொன்று.

அருள்மொழி என்று போனில் சொன்னீர்கள். அருள் என்று தொடங்கும் பெயர். நாகர்கோவில் பக்கமா? தருமபுரி என்கிறீர்கள். நாகர்கோவிலில் உறவு, தெரிந்தவர், கூடப் படித்தவர் யாரும் இல்லை. சரி. கேட்டுவைத்தேன், அவ்வளவுதான். அந்தப் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்களே, எதுவும் பதிவாகவில்லையே? நிமிர்த்தி வையுங்கள். நன்றி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசியில் நீங்கள் வைத்திருக்கும் குறியையும் பார்த்தேன். அதைப் பிறகு பேசுவோம். நான் எழுதிய 'அணி' என்ற புரோகிராமை இன்னும் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்களைக் காகிதத்தில் நேராக நிறுத்தி அச்சடிக்கிற புரோகிராம். கணக்குப் போடாது, போட்ட கணக்கைக் காட்டும். நாற்பத்தொரு வருடத்தில் யார் யாரோ அதைப் புதிய புதிய மொழிகளுக்கு மாற்றி எழுதி, இப்போது உங்கள் பல்கலைக்கழகத்தில் வந்து நிற்கிறது. அதில் ஒரு வரி தவறு, எடுக்க வேண்டும், எழுதியவள் உயிரோடு இருப்பதால் அவள் கையெழுத்து வேண்டும். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் நான்கு கட்டம். மூன்றை நீங்களே நிரப்பிவிட்டீர்கள். நான்காவது, 'குறையை முதலில் கண்டவர்'. அது காலி.

ஒரு காலிக் கட்டத்துக்காக ஒரு பெண் ரயிலேறி வந்து மூன்று மாடியும் ஏறுவாளா? அதனால்தான் கேட்கிறேன். உங்களை இருதயராஜ் அனுப்பினாரா?

யாரென்றே தெரியாது என்கிறீர்கள். முகத்தைப் பார்த்தால் தெரியாதது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முகத்தை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

அப்படியென்றால் இந்த ஜெராக்ஸ்? நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் பழைய பெட்டியில் கிடைத்ததா? என் புரோகிராமின் பிரதிதான். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. 'சுழிக்கு எங்கே கழித்தல் குறி?' இதை யார் எழுதியது என்று தெரிந்தால் நான்காவது கட்டம் நிரம்பிவிடும், அதற்குத்தான் வந்தேன் என்கிறீர்கள். எனக்குத் தெரியும். 'ழ'வின் வாலை இப்படி இழுத்து விடுகிறவர் எங்கள் கணினி மையத்தில் ஒருவர்தான்.

அந்தக் கட்டத்தில் அவர் பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எண்பத்துநான்கில் ஒரு விசாரணை நடந்தது. அதில் அவருக்கு எதிராக நான் சாட்சி சொன்னேன். அவர் பெயரை இதில் என் கையால் எழுதினால், என் சாட்சி தப்பு என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அதனால் முழுவதும் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், எழுத வேண்டுமா என்று.

பள்ளியில் தமிழில் கணக்குப் படித்தவள் நான். மேட்ரிக்ஸ் எனக்கு முதலில் அணியாகத்தான் வந்தது. கிடையாகப் போவது நிரை, நெடுக்காக இறங்குவது நிரல், பூஜ்யம் சுழி. அணி என்றால் நகை. பாட்டிலும் அணி உண்டு. எண்களை வரிசையில் நிறுத்திவிட்டு அதற்கும் அதே பெயர் வைத்த மனிதருக்குக் காது இருந்திருக்கிறது. வேலைக்கு வந்த பிறகு பார்த்தால், இயந்திரத்துக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை.

லைன் பிரிண்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு வரியை ஒரே அடியில் அடிக்கும். மடிப்பு மடிப்பாகக் காகிதம் வந்து விழும். எண் பெரிதாகி இடத்துக்குள் அடங்காவிட்டால் வரிசையாக நட்சத்திரம் போட்டுவிடும். எண் மிகவும் சிறிதாக இருந்தால் 0.000 என்று போடும். அந்தச் சிறிய எண் சுழிக்கும் கீழே இருந்தால் -0.000. கவனித்தீர்களா? சுழிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. பக்கம் முழுவதும் அப்படித்தான் சிந்திக் கிடக்கும். ஒன்றுமில்லை என்பதற்கும் கீழே ஒன்று உண்டா? எனக்குப் பார்க்கவே கூசும், தளை தட்டுகிற வெண்பாவைக் கேட்கிற மாதிரி.

அதனால் 'அணி'யை எழுதினேன். நிரல் ஒவ்வொன்றும் தசமப் புள்ளியில் நேராக இறங்கும். 0.000 என்று விழப்போகிற இடத்தில் எல்லாம், முன்னால் குறி இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி, ஒரே ஒரு புள்ளி வைக்கும். பக்கம் மூச்சு விட்டது. இயக்குநர் தன் அறிக்கைகளை 'அணி'யில்தான் அடிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே விட்டார். வேறு ஊர்களிலிருந்து கேட்டு வாங்கிப் போனார்கள்.

நீங்கள் தவறு என்கிற வரி அதுதான். தெரியும். போனில் சொன்னபோதே தெரியும்.

எண்ணை நான் தொடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குள் எண் அப்படியே இருந்தது. காகிதத்தில் மட்டும்தான் புள்ளி. கையேட்டில் இதை எழுதினீர்களா என்று கேட்கப் போகிறீர்கள். எழுதவில்லை. தோடு போட்டுக்கொண்டவள் திருகாணியைக் காட்டிக்கொண்டு திரிவாளா?

டீ ஆறுகிறது. குடியுங்கள்.

மெஹருன்னிசா எங்கள் ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மெஹர் என்று நான்தான் கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். அவளுடைய ஆய்வு உயரமான ஆலைப் புகைபோக்கிகளைப் பற்றியது. காற்றடித்தால் அது வளையும், முறுக்கிக்கொள்ளவும் செய்யும். வளைவு தன் வழியில், முறுக்கு தன் வழியில், ஒன்றை ஒன்று தொடாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதற்கு ஆதாரம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் ஓர் அணி. ஒரு மூலையில் வளைவின் எண்கள், எதிர்மூலையில் முறுக்கின் எண்கள். இரண்டையும் இணைக்கிற இடங்களில் எல்லாம் புள்ளி. என் புள்ளி. அவளுடைய ஐந்து வருட உழைப்பு அந்தப் புள்ளிகளின் மேல் நின்றது. "உன் காகிதத்தப் பாத்தா கணக்கே சரியாயிடுது டீ, குஞ்சரி" என்பாள். என் முழுப்பெயர் தேவகுஞ்சரி. படிவத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது, பிறகு திருத்துகிறேன்.

இருதயராஜ் ஆபரேட்டர். பிரிண்டரில் காகிதம் மாட்டுவது, அடித்து வந்ததைக் கிழித்து அவரவர் தட்டில் வைப்பது, இதுதான் வேலை. நாகர்கோவிலில் கணக்கில் பி.எஸ்சி. மேலே படிக்க விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. மெல்லிய குரல். எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது எப்போது தெரியுமா? கிழித்துக் கொடுக்கிற காகிதத்தை அவர் நின்று படிப்பதைப் பார்த்தபோது. தபால்காரர் கடிதத்தைப் படித்தால் விடுவீர்களா?

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. மெஹர் தன் ஆய்வை எல்லோர் முன்னாலும் வைக்கிற நாள். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். நான் முதல் வரிசை. திரையில் படம் காட்டுகிற கருவியை இயக்க இருதயராஜ் நின்றார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு திரையில் விழுந்தது. அறையில் ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது, அவ்வளவு அழகு. பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இந்தப் புள்ளிகள் எல்லாம் சுழியா என்று. மெஹர், "சுழிதான் சார்" என்றாள்.

அப்போது கருவிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "மன்னிக்கணும் சார். ஏழாவது நிரை, ரெண்டாவது நிரல். அது சுழி இல்ல."

அவர் சட்டைப்பையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். மடித்து, தயாராக. பாருங்கள், தயாராக. அதே அணியை என் 'அணி' இல்லாமல் வெறுமனே அடித்திருந்தார். அந்த இடத்தில் -0.000. அதற்குக் கீழே முழு எண்ணையும் அடித்திருந்தார், -0.00043. "சுழிக்கு எங்க சார் கழித்தல் குறி வரும்? அங்க ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

பேராசிரியர் எழுந்து பலகையில் போட்டுப் பார்த்தார். அலகு டன்னில் இருந்ததால்தான் எண் அத்தனை சிறிதாக இருந்தது. உயரத்தால் பெருக்கி, காற்றால் பெருக்கி, பத்து நிமிடத்தில் அந்தப் புகைபோக்கி பலகையில் முறுக்கிக்கொண்டு நின்றது. இரண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டுதான் இருந்தன. மெஹரின் ஆய்வு முடிந்தது.

அவள் இருதயராஜைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். உதவிக்குத்தான் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு, செய்தேன். அன்று மதியமே இயக்குநரிடம் போய், ஆபரேட்டர் எண்களில் கை வைத்திருக்கிறார், பொறாமை, விசாரியுங்கள் என்று சொன்னேன்.

விசாரணையில் என்னிடம் இரண்டே கேள்வி. முந்தைய நாள் மெஹரின் காகிதம் அவர் கையில் இருந்ததைப் பார்த்தீர்களா? பார்த்தேன். உங்கள் புரோகிராம் எண்ணை மாற்றுமா? மாற்றாது. இரண்டும் உண்மை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இரண்டு உண்மையை அடுத்தடுத்து வைத்தேன், அவ்வளவுதான். எண்களை அடுத்தடுத்து வைக்கிறவள்தானே.

அவரையும் கேட்டார்கள். என்ன சொன்னார் தெரியுமா? "மேடம் சொன்னது சரிதான் சார். எண் மாறல. அதத்தான் நானும் சொல்றேன்." இயக்குநருக்கு அது ஒப்புதல் மாதிரி கேட்டது. இருதயராஜைக் கணினி மையத்தில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வரை இருபது வருடம் அங்கேதான். எங்களுக்குக் காகிதப் பெட்டி வரும்போதெல்லாம் சீட்டில் அவர் கையெழுத்து இருக்கும். இயந்திரத்தைத் தொட விடவில்லை, ஆனால் இயந்திரம் தின்கிற காகிதம் முழுவதும் அவர் கை வழியாக வந்தது. அதிலும் எனக்குச் சந்தேகம்தான். பெட்டியைப் பிரித்து நடுவில் நாலு தாள் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்வேன்.

எதற்கு என்று கேட்காதீர்கள். வெறும் தாளில் என்ன இருக்கும்? இருந்தாலும்.

மெஹர் வாணியம்பாடிக்குப் போய் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. நடுவில் யாரோ கடிதத்தை நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் ஜூலையில், பழைய ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் வந்தது. கீழே வரிசையாகக் கூப்பின கைகள். அப்படித்தான் தெரிந்தது, போய்விட்டாள் என்று.

முந்தைய நாள் அவர் கையில் காகிதத்தை எங்கே பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

என் மேசையில்தான். அவர்தான் கொண்டுவந்தார். புதன்கிழமை காலை. "மேடம், ஒரு சின்ன விஷயம். சுழிக்கு எங்க மேடம் கழித்தல் குறி?" என்று காகிதத்தை நீட்டினார். மேசையில் கிடந்த என் புரோகிராம் பிரதியின் ஓரத்திலும் அதையே எழுதி எனக்குக் காட்டினார். இதோ, நீங்கள் கொண்டுவந்திருப்பது அதுதான். நான் என்ன சொன்னேன்? காகிதம் மாட்டுகிற வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டார். அப்புறம் "நாளைக்கு மெஹருன்னிசா மேடம் அத சுழின்னு சொல்லிடக் கூடாது, நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் வந்து என் புள்ளியைக் குறை சொல்கிறவர் எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார் என்று பட்டது.

அன்று மதியம் மெஹர் சாப்பிட வந்தாள். அவள் அம்மா கொடுத்த இடியாப்பம். பிட்டுக்கொண்டே, போகிற போக்கில் கேட்டாள். "அந்தப் புள்ளி சுழிதானேடீ?"

நான் என்ன சொன்னேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "சுழி மாதிரிதான்" என்றேன்.

மாதிரி. அதுவும் பொய் இல்லை. பாருங்கள், நான் பொய்யே சொன்னதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டாள்.

வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சொல்லிவிடுகிறேன்.

அவர் என்னைச் சும்மா விடவில்லை. அதுதான் என் குறை, அதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே விட்டேன். அந்த வருடம் டிசம்பரில் தொடங்கினார். அந்த பிஸ்கட் டின்னை எடுங்கள். அலமாரியில் கீழ்த்தட்டு. திறங்கள். நாற்பத்தொரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. எதையும் எறியவில்லை, ஆதாரம். எதை வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 'கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே அந்தக் குறி. ஒரு சின்னக் கோடு, அப்புறம் பெயர். ஒரு வருடமும் விட்டதில்லை. போன வருட அட்டையைப் பாருங்கள், மேலே இருக்கும். 'மெஹருன்னிசா மேடத்துக்காக ஜெபித்தேன்' என்று ஒரு வரி கூடுதல். அதற்குக் கீழேயும் அந்தக் கோடு. துக்கத்தில்கூட விடவில்லை. கழித்தல் குறி, கழித்தல் குறி என்று நாற்பத்தொரு வருடமாகக் குத்திக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல் திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

உங்கள் கடிதத்திலும் அதே கோடு. முடிவில், பெயருக்கு முன்னால். அதனால்தான் வாசலிலேயே நினைத்தேன், இவள் அவர் அனுப்பின ஆள் என்று.

என்ன சொன்னீர்கள்? காது கொஞ்சம் மந்தம், திரும்பச் சொல்லுங்கள்.

எல்லோரும் போடுவதா.

கடிதத்தின் முடிவில் பெயருக்கு முன்னால் எல்லோரும் ஒரு கோடு போடுவார்கள். உங்கள் அப்பா போடுவார். நீங்களும் அப்படிப் பழகிவிட்டீர்கள். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. இப்படிக்கு என்று எழுதுவதற்குப் பதில், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா.

இருங்கள். ஸ்டோர்ஸ் சீட்டு ஒன்று அந்த டின்னுக்கு அடியில் இருக்க வேண்டும். காகிதப் பெட்டியோடு வந்த சீட்டு. அதுவும் ஆதாரம்தான். நீங்களே எடுங்கள். இருக்கிறதா? 'காகிதம், இரண்டு பெட்டி.' கீழே? வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள்.

கோடு. அப்புறம் பெயர். காகிதம் இரண்டு பெட்டிக்கும் அதே கோடு.

அப்படியென்றால் இவை வெறும் வாழ்த்து. நாற்பத்தொரு வருடமாக ஒரு மனிதர் எனக்கு வாழ்த்துத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. குறி இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டு, இல்லாத இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். சமாதானம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. படிவத்தைக் கொடுங்கள். பேனாவும். இது எழுதுமா? கிறுக்கிப் பார்க்கிறேன். எழுதுகிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டால் பக்கம் மறுபடியும் சிந்திக் கிடக்குமே. வேறு வழி இல்லையா? உண்மையான சுழிக்கு மட்டும் புள்ளி வைக்கலாம். சின்ன எண்ணாக இருந்தால் அதன் குறியோடு காட்ட வேண்டும். அப்படிச் செய்ய முடியும் என்கிறீர்கள். செய்யுங்கள். கையேட்டிலும் எழுதுங்கள், புள்ளி எதற்கு வைக்கிறோம் என்று. முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், பெரிய எழுத்தில்.

நான்காவது கட்டம். குறையை முதலில் கண்டவர். இருதயராஜ், ஆபரேட்டர். ஆபரேட்டர் என்பதை அடித்துவிடுகிறேன். இருதயராஜ், பி.எஸ்சி. கணிதம். நாள் என்று ஒரு இடம் இருக்கிறதே, எதைப் போட? வியாழக்கிழமை இல்லை. புதன்கிழமை. அவர் என் மேசைக்கு வந்த நாள். அதைப் போடுகிறேன்.

அவருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டுமா, படிவத்தின் விதியில் அப்படி உண்டா? இல்லையா. விதி இல்லாவிட்டாலும் அனுப்புங்கள். முகவரி அட்டையின் உறையில் இருக்கிறது. உறையையும் நான் எறியவில்லை. போனில் பேச என்னைக் கேட்காதீர்கள், அது என்னால் ஆகாது. எழுபத்தொன்பது வயது இருக்கும் அவருக்கு. என் குரலைக் கேட்டால் எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று சந்தேகப்படுவார். நானாக இருந்தால் சந்தேகப்படுவேன்.

இதோ கையெழுத்து. தேவகுஞ்சரி. பிழையையும் திருத்திவிட்டேன். பெயருக்கு முன்னால் பாருங்கள், ஒரு கோடு போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோணலாகத்தான் வந்திருக்கிறது. நீங்கள் இதை அச்சில் ஏற்றும்போது, பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்துவிடாதீர்கள்.